வால்டேருக்கு ஆறு பொட்டலம்

சங்கரன்கோவிலில் ஒரு மிஷன் நடுநிலைப் பள்ளியில் பதினொரு வருஷமாக ஏழாம் வகுப்புக்குப் பூகோளம் நடத்திக்கொண்டிருந்தேன். அதில் இந்தியத் துறைமுகங்கள் என்று ஒரு பாடம். சென்னையும் தூத்துக்குடியும் செயற்கைத் துறைமுகம். கல்லைக் கொட்டிச் சுவர் எழுப்பியது. விசாகப்பட்டினம் இயற்கைத் துறைமுகம், மலையே சுவர். தூத்துக்குடியை எனக்குத் தெரியும். தட்டையான ஊர், தட்டையான கடல். விசாகப்பட்டினத்தை நான் படத்தில்கூடச் சரியாகப் பார்த்ததில்லை.

ஆனால் பாடம் நடத்தும்போது விடமாட்டேன். கரும்பலகையில் டால்பின் மூக்கு மலையை வரைவேன். கடலுக்குள் மூக்கை நீட்டிக்கொண்டிருக்கும் மலை, அதன் காலடியில் குறுகலாக ஒரு கால்வாய். “கப்பல் நேரா வந்து மலையில முட்டப்போவுதுன்னு நெனைப்பீங்க. கடைசி நேரத்துல மெல்லத் திரும்பி, மலைக்குள்ள போற மாதிரி உள்ள போயிரும்” என்பேன். பிள்ளைகள் வாயைப் பிளந்து கேட்பார்கள். ஒரு வருஷம் முன்பெஞ்சில் இருந்த ஒருத்தி எழுந்து நின்று, “டீச்சர், நீங்க பாத்திருக்கீங்களா?” என்று கேட்டுவிட்டாள். “பாக்காமலா சொல்லுதேன்? உக்காரு” என்றேன்.

அன்று வீட்டுக்குப் போய்ச் சோறு இறங்கவில்லை. மிஷன் பள்ளிக்கூடத்தில், காலையில் பத்துக் கட்டளை சொல்ல வைத்துவிட்டு, பத்தரை மணிக்குப் பொய் சொல்லியிருக்கிறேன். எப்படியாவது அந்த மலையில் ஏறி, ஒரு கப்பல் உள்ளே வருவதைக் கண்ணால் பார்த்துவிட வேண்டும், பார்த்துவிட்டால் அந்தப் பொய் பாதி மெய்யாகிவிடும் என்று அன்றைக்கு முடிவு செய்தேன்.

எழுபதுகளின் கடைசியில் ஒரு மே மாதம் அதற்கு வழி பிறந்தது. என் வீட்டுக்காரரின் சித்தி மகள், எனக்கு மதினி, அவள் புருஷனுக்கு விசாகப்பட்டினம் துறைமுகத்தில் வேலை. அப்போது ரயில் ஸ்டேஷனுக்கு வால்டேர் என்று பெயர். எங்கள் ஊரில் ஊரையே வால்டேர் என்றுதான் சொல்வோம். வருஷா வருஷம் கூப்பிடுவாள். அந்த வருஷம் போவதென்று முடிவாகி, சென்னை வரைக்கும் கொல்லம் மெயில், அங்கிருந்து வேறு வண்டி என்று டிக்கெட்டும் போட்டாயிற்று. நான் ஒரு நோட்டில் பார்க்க வேண்டிய இடங்களை எழுதிவைத்தேன். முதல் வரியில் மலை, அடியில் இரண்டு கோடு.

என் வீட்டுக்காரரைப் பற்றிச் சொல்ல வேண்டும். தாலுகா அலுவலகத்தில் எழுத்தர். நல்லவர். நல்லவர் என்பதுதான் அவரிடம் எனக்குப் பிடிக்காதது. யார் எதைக் கேட்டாலும் மாட்டேன் என்று சொல்ல வராது. சபையில் ஜெபம் பண்ண ஆள் வேண்டுமென்றால் முதலில் இவரைத்தான் கூப்பிடுவார்கள், இவரும் எழுந்துவிடுவார். அந்த மனுஷர் எனக்குத் தெரியாமல் ஒரு காரியம் செய்தார். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிகிற நேரத்தில், அறிவிப்பு வாசிக்கிறவரிடம் ஒரு சீட்டைக் கொடுத்துவிட்டார். “நம் சபையார் குடும்பத்தோடு வால்டேருக்குப் பிரயாணம் போகிறார்கள். பிரயாணம் வாய்க்கும்படி ஜெபித்துக்கொள்ளுங்கள்.”

வேலியில் போன ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்ட கதைதான். எங்கள் பக்கத்துச் சபைகளில் அப்படி ஒரு அறிவிப்பு வந்தால் ஜெபிப்பது இருக்கட்டும், அந்த ஊரில் யாருக்கெல்லாம் ஆள் இருக்கிறதோ அத்தனை பேரும் பொட்டலம் கட்ட ஆரம்பித்துவிடுவார்கள். சாயங்காலமே முதல் ஆள் வந்தார். இளையரசனேந்தலிலிருந்து ஒருவர் தம்பிக்கு மிளகாய் வத்தல் கொண்டுவந்தார், சாக்கில். பனவடலிசத்திரத்திலிருந்து ஒரு அம்மா மகளுக்கு உளுந்தும் கருப்பட்டியும் ஆள் மூலம் அனுப்பியிருந்தாள். ஊருக்குள்ளேயே தறி வைத்திருந்த ஒருவர் அக்காவுக்கு ஒரு கட்டுத் துண்டு. இன்னும் மூன்று. ஆறு வீட்டுச் சாமானையும் சுமந்துகொண்டு, மிளகாய் நெடியில் சென்னை வரை தும்மிக்கொண்டே போனேன். இவர் மட்டும், “பாவம், எத்தனை வருசமாச்சோ ஊர்ச்சாமான் பாத்து” என்று சாக்கைத் தடவிக்கொண்டு வந்தார்.

போய் இறங்கினதும் மதினி புருஷனிடம் முதல் கேள்வியாக மலையைப் பற்றித்தான் கேட்டேன். “தோணியில அக்கரைக்குப் போயி ஏறணும். மூணு மணிக்கு மேல அஞ்சு வரைக்கும்தான் விடுவான்” என்றார். “அது எங்க போவுது, இங்கனதான கெடக்கும். முதல்ல சாமானக் குடுத்து முடிங்க. அடுத்தவன் சாமான வீட்டுல வச்சிக்கிட்டு ஊர் சுத்தினா நல்லாவா இருக்கும்?” இவர் தலையை ஆட்டினார். நானும், ஆறு பொட்டலம்தானே, ஒரு நாளில் முடிந்துவிடும் என்று கணக்குப் போட்டேன். எங்கள் ஆட்களை நானே மறந்துவிட்டேன்.

அந்த ஊரில் தெரு என்றால் ஏற்றம், இல்லையென்றால் இறக்கம். சமதளத்தில் பத்தடி நடந்தால் அதிசயம். ஆறு வீடும் ஆறு மேட்டில். மே மாத வெயில், கடல்காற்றின் பிசுபிசுப்பு, தலையில் ஒரு மூட்டை. மேலே போய்ச் சேர்ந்தால் வாசலில் கொடுத்துவிட்டுத் திரும்ப முடியுமா? உள்ளே வா, உட்கார், கலர் குடி. நீ யார் மகள், உன் தாய் யார் மகள், உன் மாமனார் எந்தத் தெரு. எங்கேயாவது ஒரு சொந்தம் அகப்படுகிற வரைக்கும் விடமாட்டார்கள். அகப்பட்டதும், “அப்ப நமக்குள்ளதான்! சாப்பிடாம எப்படிப் போவீங்க?” என்று அடுப்பைப் பற்ற வைப்பார்கள். அடுத்த மேட்டில் இருக்கிற இன்னொரு ஊர்க்காரருக்கு ஆள் போகும். அவர்களும் வந்து முதலிலிருந்து கேட்பார்கள்.

சாப்பிட்டு முடித்தால் ஜெபம். ஒரு வீட்டுக்குப் போய் ஜெபம் பண்ணாமல் எழுந்திருப்பது எங்களில் கை கழுவாமல் எழுந்திருப்பது மாதிரி. ஒரு கீர்த்தனை, ஒரு சங்கீதம், அப்புறம் இவர் கண்ணை மூடுவார். அந்த வீட்டில் ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி, அவரவர் வியாதியைச் சொல்லி, ஊரிலிருக்கிற தாய் தகப்பன், உடன்பிறந்தார், ஆடு மாடு, வானம் பார்த்த பூமிக்கு மழை, தறிக்காரர்களுக்கு நூல் எல்லாவற்றையும் சொல்வார். தேசத் தலைவர்களுக்கு வந்துவிட்டார் என்றால் பாதி முடிந்தது என்று அர்த்தம். நான் ஒரு கண்ணைத் திறந்து கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு இருப்பேன். இருபது நிமிஷத்துக்குக் குறைந்து எந்த வீட்டிலும் முடிந்ததில்லை. கேட்பவர்கள் மூக்கை உறிஞ்சுவார்கள். எனக்கும் அழுகை வரும், நாலு மணி தாண்டிவிட்டதே என்று.

கடல் எங்கே என்று எந்த வீட்டில் கேட்டாலும் ஒரே பதில். “இன்னா, இந்த மேட்டத் தாண்டினா கடல்தான்.” அத்தனை வீடும் மேட்டுக்கு இந்தப் பக்கமே இருந்தது. ஒரு வீட்டில், கொல்லையில் நின்று எட்டிப் பார்த்தால் இரண்டு தண்ணீர்த் தொட்டிக்கு நடுவில் ரிப்பன் அகலத்தில் நீலமாக ஒன்று தெரிந்தது. “அதான் கடல்” என்று அந்த வீட்டுக்காரி பெருமையாகக் காட்டினாள். திருச்செந்தூரில் கால் நனைத்தவளுக்கு ஆயிரம் மைல் தாண்டி வந்து ரிப்பன்.

மூன்றாம் நாள் சாயங்காலம் ஐந்தாவது வீட்டிலிருந்து இறங்கும்போது நடுத்தெருவில் நின்றுவிட்டேன்.

“நான் என்ன பொட்டலம் தூக்கவா வந்தேன்? நாளைக்கு ராத்திரி ரயிலு. மலைக்குப் போவமா, மாட்டமா?”

“போவோம்ட்டி. ஒண்ணுதான பாக்கி. காலையில குடுத்துட்டு நேரா மலைக்குத்தான்.”

“காலையில குடுத்தா சாயங்காலம்தான் விடுவாங்க. உங்க ஜெபம் வேற.”

“ஜெபத்துல என்னட்டி குத்தம் கண்ட? அவங்களுக்கு நம்மள விட்டா யாரு இருக்கா?”

கோபத்தைத் தவிர என்னிடம் எதுவும் இல்லை. அவரை முந்திக்கொண்டு விறுவிறுவென்று நடந்தேன். அவரும் அதைக் கவனிக்காத மாதிரி, எந்த வீட்டுப் பிள்ளை என்ன படிக்கிறது என்று சொல்லிக்கொண்டே வந்தார்.

நாலாம் நாள் காலை பத்து மணிக்குக் கடைசி வீடு. பனவடலிசத்திரத்து மகளின் வீடு. எண்பது படிக்கு மேல் ஏறினோம். இரண்டே அறை. நாங்கள் வருகிறோம் என்று தெரிந்து, அவள் மீன் வாங்கக் கடற்கரைக்குப் போயிருந்தாள். எனக்கு எப்படி இருந்திருக்கும்! இவள் மீனுக்காகக் கடற்கரைக்குப் போகிறாள், நான் கடலுக்காக இவள் வீட்டில் உட்கார்ந்திருக்கிறேன். பதினொன்றரைக்கு வந்தாள். வேண்டாம் என்று எவ்வளவோ சொல்லியும் கேட்கவில்லை. தாய் கொடுத்துவிட்ட உளுந்தை அப்போதே கொஞ்சம் அள்ளி ஊறப்போட்டாள், வடைக்கு. உளுந்து ஊறி, ஆட்டி, சுட்டு முடிய எவ்வளவு நேரமாகும் என்று உங்களுக்கே தெரியும்.

அடுப்படியில் நான் பக்கத்தில்தான் நின்றேன். முக்காட்டை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டு அவள் ஏதோ சொல்லிக்கொண்டே இருந்தாள். அம்மா, கடுதாசி, கால் வீக்கம். “அண்ணன ஜெபத்துல சொல்லச் சொல்லுங்க டீச்சர்.” அண்ணன் என்றது இவரை. நான் “ஆகட்டும், ஆகட்டும்” என்றேன். ஜன்னல் வழியே ஏதாவது தெரிகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். எதிரே செம்மண் மேடுதான் தெரிந்தது. இவர் நடு அறையில் பிள்ளைகளை மடியில் வைத்துக்கொண்டு, அவள் புருஷனோடு கதை பேசிக்கொண்டிருந்தார்.

சாப்பிட்டு எழும்போது இரண்டே முக்கால். இவர் வேதப் புத்தகத்தை எடுத்தார். சின்ன சங்கீதமாக வாசியுங்கள் என்று கண்ணைக் காட்டினேன். நூற்றுப்பதினேழாம் சங்கீதம் இரண்டே வசனம்தான்; அவர் எடுத்தது வேறு. கீர்த்தனை நாலு சரணமும் பாடினார்கள். கடிகாரம் மூன்றேகால். ஜெபம் ஆரம்பமாயிற்று. சுவரில் இருந்த அந்தக் கடிகாரத்தை இன்றைக்கும் என்னால் வரைந்து காட்ட முடியும். நிமிஷ முள்ளின் நுனி ஒடிந்திருந்தது. மூன்றரை. மூன்று முப்பத்தைந்து.

“ஊரிலே சுகவீனமாய்ப் படுத்திருக்கிற இந்த மகளுடைய தாயாரை, தகப்பனே, நீர் உம்முடைய...”

“ஆமென்!” என்றேன்.

எப்படி வந்தது என்று தெரியாது. சத்தமாகவே வந்துவிட்டது. பழக்கம் பாருங்கள், வீட்டில் இருந்த எல்லோரும் என் பின்னாலேயே “ஆமென்” சொல்லிவிட்டார்கள். ஆமென் சொன்ன பிறகு ஜெபத்தை யாரும் தொடர முடியாது. பிள்ளைகள் எழுந்து வெளியே ஓடிவிட்டார்கள். இவர் வாயைத் திறந்தபடி இருந்தார். அந்தப் பெண் கண்ணைத் திறந்து இவரைப் பார்த்தாள். “முடிஞ்சிட்டா?” என்று கேட்டாள். நான் கைப்பையை எடுத்துக்கொண்டு செருப்பைத் தேடினேன். அவள் உள்ளே ஓடிப்போய் ஒரு பொட்டலம் முந்திரிப்பருப்பைக் கொண்டுவந்து இவர் கையில் கொடுத்தாள், அம்மாவுக்கு என்று.

படிகளில் நான் இறங்கிய வேகத்துக்கு விழாமல் இருந்தது பெரிய காரியம். ரிக்‌ஷா பிடித்துத் துறைமுகக் கரைக்குப் போய்ச் சேரும்போது நாலேகால் தாண்டிவிட்டது. இளையரசனேந்தல் பக்கத்துத் தெலுங்கு எனக்குக் கொஞ்சம் வரும். அதைக் கேட்டுத் தோணிக்காரன் சிரித்தானே தவிர, ஏற்றிக்கொண்டான். அக்கரையில் மலை நின்றது. பெரிய மலை. பதினொரு வருஷம் நான் வரைந்தது எவ்வளவு சின்னது என்று அப்போதுதான் தெரிந்தது. ஏறிவிடலாம், பாதியாவது ஏறிவிடலாம், அங்கிருந்து பார்த்தாலே போதும் என்று தோணியின் நுனிக்கு நகர்ந்து உட்கார்ந்தேன்.

கொஞ்ச தூரம் போனதும் கரையிலிருந்து ஒருவன் கொடியை ஆட்டிக் கத்தினான். தோணிக்காரன் தோணியைத் திருப்பிக் கரையோரமாக ஒதுக்கி ஒரு கயிற்றைப் பிடித்துக்கொண்டான். எதற்கு என்று கேட்டேன். கப்பல் வருகிறதாம்.

கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்தது என்பார்கள். வந்தது. கப்பல் எங்கிருந்து திரும்பியது, மலையில் முட்டப்போவது போல் வந்ததா, ஒன்றும் தெரியவில்லை. தோணி கிடந்த பள்ளத்திலிருந்து நிமிர்ந்து பார்த்தால் துருப்பிடித்த ஒரு இரும்புச் சுவர் நகர்ந்துகொண்டே இருந்தது. ஆணிகள் தெரிந்தன. ஒரு ஓட்டையிலிருந்து அழுக்குத் தண்ணீர் கொட்டியது. எங்கோ உச்சியில் ஒருவன் எட்டிப் பார்த்து வெற்றிலையோ எதையோ துப்பினான். முன்னும் தெரியாது, பின்னும் தெரியாது. போகிறது, போகிறது, போய்க்கொண்டே இருக்கிறது. அது போன பிறகு அலை அடங்கும்வரை தோணிக்காரன் கயிற்றை விடவில்லை. அக்கரையில் இறங்கி ஓடினேன். காவலாள் கேட்டை இழுத்துச் சாத்திக்கொண்டிருந்தான்.

“ரேப்பு” என்றான். நாளைக்கு வா என்று அர்த்தம். எனக்கு அந்தத் தெலுங்கு மட்டும் நன்றாகப் புரிந்தது.

கெஞ்சினேன். டீச்சர் என்றேன், சங்கரன்கோவில் என்றேன், ராத்திரி ரயில் என்றேன். அவன் பூட்டைப் பூட்டிவிட்டுச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டான். அந்த இடத்திலேயே உட்கார்ந்து அழுதேன். துக்கம் இல்லை, வயிற்றெரிச்சல். இவர் மேல், அறிவிப்பு வாசித்தவர் மேல், உளுந்தின் மேல், ஆறு வீட்டிலும் எனக்குச் சோறு போட்ட அத்தனை பேர் மேலும். இவர் கொஞ்சம் தள்ளி நின்றார். திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருப்பேன். ரயிலில் முந்திரிப்பருப்புப் பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு வந்தார். விருதுநகர் தாண்டின பிறகு, “பனவடலிசத்திரத்துக்கு ஒரு நா போவணும். பாதி ஜெபம் பாக்கி கெடக்கு” என்றார்.

ஊருக்கு வந்த மறு சனிக்கிழமை பஸ் ஏறினோம். நான் வரமாட்டேன் என்றுதான் சொன்னேன். “ஒன்னையும்தான கேப்பாங்க” என்றார்.

பனவடலிசத்திரத்தில் அந்த அம்மாள் நார்க்கட்டிலில் படுத்திருந்தாள். இரண்டு காலும் வீங்கியிருந்தன. முந்திரிப்பருப்புப் பொட்டலத்தை வாங்கி, பிரிக்காமலே நெஞ்சின் மேல் வைத்துக்கொண்டாள். மகளைப் பார்த்து ஆறு வருஷம் ஆகிறதாம். இவர் பேச ஆரம்பித்தபோது கையைக் காட்டி நிறுத்தினாள்.

“ஆம்பளைக்கு என்ன தெரியும். நீ சொல்லு டீச்சரம்மா. நீ கண்ணால பாத்துட்டு வந்திருக்க. எம் பிள்ள எப்படி இருக்கா?”

நான் நினைத்துப் பார்த்தேன். கடிகாரம் நினைவுக்கு வந்தது. செம்மண் மேடு வந்தது. அவள் முகம் வரவில்லை. அவளுக்கு எத்தனை பிள்ளைகள், மூன்றா நாலா, அதுகூடத் தெரியவில்லை. ஐந்து மணி நேரம் அந்த வீட்டில் இருந்திருக்கிறேன். ஆனால் பார்க்காததைப் பார்த்த மாதிரி சொல்வதுதானே எனக்குத் தொழில்.

“நல்லா இருக்காம்மா. நல்லா சதை வச்சிருக்கா. சிரிச்ச முகம். வீட்டப் பளிச்சுன்னு வச்சிருக்கா.”

அந்த அம்மாளின் முகம் மலர்ந்தது. எனக்கும் வாய் பழகிவிட்டது.

“முடிதான் என்ன முடி! தளதளன்னு பின்னிப் போட்டிருக்கா, இடுப்புக்குக் கீழ கெடக்கு.”

அந்த அம்மாள் என்னைப் பார்த்தாள். சிரிப்பு அப்படியே நின்றது.

“டைபாய்டு வந்து முடியெல்லாம் கொட்டிட்டு, ஒட்ட வெட்டிட்டேன்னு எழுதியிருந்தாளே” என்றாள்.

கோபமாகச் சொல்லவில்லை. என்னைத் தவிர அங்கே யாரும் வெட்கப்பட வேண்டியதில்லை என்பது போல, தனக்குள்ளேயே சொல்லிக்கொண்டாள். அடுப்படியில் அந்தப் பெண் முக்காட்டை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டது அப்போதுதான் எனக்கு விளங்கியது. நான் தரையைப் பார்த்தேன். இவர் எனக்காக ஏதாவது சொல்லிச் சமாளிப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் சமாளிக்கவில்லை.

அந்த அம்மாள் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு, வீங்கிய காலை ஒவ்வொன்றாக இழுத்து, எனக்கு முதுகைக் காட்டி அவர் பக்கமாகத் திரும்பிப் படுத்தாள்.

“நீ சொல்லுய்யா” என்றாள்.